தொண்ணூறு நாள் தலைவி

அக்கா,

இன்று காலை பன்சொடான் தெருவில், நீங்கள் மனு தட்டச்சு செய்துகொண்டிருந்த கடைக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றேன். லேமினேஷன் மெஷின் சூடேறிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக்கும் பசையும் சேர்ந்து லேசாகக் கருகும் வாசனை. மற்றவர்களுக்குப் போனவர்களின் நினைவு பூவிலோ சாம்பிராணியிலோ வருமாம். எனக்கு இதில் வந்தது. சாயங்காலம் நீங்கள் ஆறு மாடி ஏறும்போது இந்த வாசனைதான் உங்களுக்கு முன்னால் படியேறும். நல்ல வாசனை என்று இப்போதும் சொல்ல மாட்டேன்.

உங்கள் நாற்காலியில் ஒரு சின்னப் பெண் இருக்கிறாள். "அவசரமா, அகோ?" என்று பர்மிய மொழியில் என்னை அண்ணனாக்கிக் கேட்டாள். அவசரம்தான் என்றேன். உடனே போட்டுக் கொடுத்துவிட்டாள். நீங்களாக இருந்தால் அந்தப் பதிலுக்காகவே என் காகிதத்தை அடியில் செருகியிருப்பீர்கள்.

அது நம் கட்டடத்தின் தேர்தல் அறிவிப்பு. ஆமாம், மறுபடியும் தேர்தல். மூன்றாம் மாடி அண்ணன், நம் நானா, துணிக்கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மலேசியாவுக்கு, மகனிடம் போய்விட்டார். அடுத்த தலைவர் வரும்வரை மூன்று மாதத்துக்கு என்னைப் போட்டார்கள். சிரிக்காதீர்கள். தொண்ணூறு நாள் ஞாயிற்றுக்கிழமை முடிகிறது.

இதைப் பர்மிய மொழியில் எழுதினால் எனக்குச் சீக்கிரம் முடியும். ஆனால் படிக்கட்டில் அடுத்தவர் காதில் விழக்கூடாத எதையும் நாம் தமிழில்தான் பேசினோம். அந்தப் பழக்கத்தை இப்போது மாற்றவேண்டாம்.

உங்களைத் தலைவியாக்கிய கூட்டம் நினைவிருக்கிறதா? தரைத்தளத்தையும் சேர்த்து ஏழு தளம், தளத்துக்கு ஒரு வீடு. கூடி உட்கார இடம் கிடையாது. அவரவர் வாசல் படியில் நின்று கத்துவதுதான் கூட்டம். பழைய தலைவர் கியாக்தானுக்கு, மகள் வீட்டோடு போய்விட்டார். அவர் இருந்தவரை ஓரளவு ஒழுங்கு இருந்தது. அவர் போனதும், கரண்ட் வந்த மறு நொடி "மீ லாபீ!" என்று தெருவே கத்தும், நம் கட்டடத்தில் ஏழு வீட்டுத் தண்ணீர் மோட்டாரும் ஒன்றாக ஓடும், ஃபியூஸ் போகும். தெரு முழுக்க வெளிச்சம், நாம் மட்டும் இருட்டில். ஃபியூஸ் தாங்கிய நாளிலும் கீழ்த்தொட்டித் தண்ணீரைக் கீழ்வீடுகளே குடித்துவிடும். ஆறாம் மாடியில் உங்கள் குழாய் காற்றை மட்டும் விடும்.

நானா தலைவராக நின்றார். இரண்டாம் மாடி கோ டின்னும் நின்றார். நானா என்றால் மூன்று வீடு வராது, கோ டின் என்றால் வேறு மூன்று வீடு வராது. ஒரு மணி நேரம் கத்திய பிறகு, தரைத்தளத்து டீக்கடைக்காரம்மா கீழேயிருந்து குரல் கொடுத்தார்:

"ஆறாம் மாடிக்காரிய மூணு மாசத்துக்குப் போடுங்க. அவளுக்குத் தண்ணியே வர்றதில்ல. அவ எங்க போய்த் திருடுவா?"

இதைவிட மட்டமான காரணத்துக்கு யாரும் பதவிக்கு வந்திருக்க முடியாது. நீங்கள் கைப்பிடிச் சுவரில் எட்டிப்பார்த்து, "எனக்குச் சம்மதம். தொண்ணூறு நாள். அதுக்கு மேல ஒரு நாள் இருக்கமாட்டேன்" என்றீர்கள். கோ டின் உடனே "யாயீ தமடா!" என்று கை தட்டினார். இடைக்கால ஜனாதிபதி. கேலியாக வைத்த பெயர் உங்களுக்குப் பிடித்துப்போனதுதான் கேலி.

பிடித்ததற்குக் காரணம் உங்கள் சுவரில் இருந்தது. லேமினேட் செய்து, பீரோவுக்கு மேலே உயரத்தில் ஆணியடித்த ஒரு பத்திரிகைத் துண்டு. கட்டைவிரல் அளவு போட்டோ, கண்ணாடி போட்ட ஒரு பெண். ஏதோ ஒரு நாட்டில் ஜனாதிபதி திடீரென்று செத்துப்போக, இடைக்கால அதிபரானவள். நீங்கள் அவளைப் பற்றிப் பேசினால் அடுத்த வீட்டு அக்கா மாதிரி இருக்கும். பதவியேற்கப் போகிற அன்று துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டுத்தான் போனாளாம். அரண்மனைச் சமையல்காரன் நீட்டிய தட்டை வேண்டாம் என்று, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டுபோன சோற்றைத் தின்றாளாம்.

"எந்த நாடு அக்கா?" என்று கேட்பேன்.

"சின்ன நாடு."

"பேரு?"

"பேரத் தெரிஞ்சு என்ன பண்ணப்போற சயாலே? டிக்கெட் எடுக்கப் போறியா?"

சயாலே என்றால் சின்ன வாத்தியார். மற்றவர்கள் சொன்னால் மரியாதை. உங்கள் வாயில் வந்தால் உதை.

பதவிக்கு வந்த மறுநாள் என் கதவைத் தட்டி, "நீ படிச்சவன், வழி சொல்லு" என்றீர்கள். நானும் சொன்னேன். வீட்டுக்கு ஒரு டைமர், ஆளுக்கு அரை மணி நேரம். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தரைத்தளம், ஐந்தரைக்கு முதல் மாடி, இப்படியே மேலே. மனிதர்களை நம்பவேண்டாம், டைமர் சக்கரம் பார்த்துக்கொள்ளும். சந்தையில் ஏழு டைமர் வாங்கி, ஒரு காலையில் நானே எல்லா வீட்டிலும் மாட்டினேன். வேலை படு சுத்தம்.

ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. டைமர்களும் நின்றன. சாயங்காலம் ஐந்துக்குக் கரண்ட் வந்தபோது அவற்றின் கணக்கில் இன்னும் காலை ஒன்பது மணி. யாங்கோனில் பிறந்து வளர்ந்து, எலக்ட்ரிகல் படித்து, கரண்ட்டில் ஓடும் கடிகாரத்தைக் கரண்ட் இல்லாத வீட்டுக்கு வாங்கிவந்தவன் நான். கோ டின் வீட்டில் மட்டும் பேட்டரி இருந்தது. அவர் டைமர் மட்டும் நிற்கவில்லை. ஆக ஆறு மணிக்கு அந்தக் கட்டடத்திலேயே ஒரே ஒரு மோட்டார் ஓடியது.

நானா படிக்கட்டுக்கு வந்துவிட்டார்.

"ஏம்மா, நீ நடுவுல நிக்கிறவன்னு நெனச்சோம். அவன் தொட்டி மட்டும் ரொம்புதே, எப்பிடி?"

நீங்கள் மேலேயிருந்து, "நான்தான் வாங்கச் சொன்னேன், நானா. தம்பி வேணாம்னுதான் சொன்னான். தப்பு எம்மேல" என்றீர்கள்.

அப்பட்டமான பொய். என்னால் பொறுக்க முடியவில்லை. என் நாலாம் மாடி வாசலிலிருந்து கத்தினேன்: "அது பொய் நானா! யோசனை என்னுது. நான்தான் முட்டாள்!"

"வாய மூடுடா, காரியத்தைக் கெடுக்காத" என்றீர்கள், பர்மிய மொழியை விட்டு நம் ரகசியத் தமிழுக்குத் தாவி. அந்த ரகசியத்தில் ஒரே ஓட்டை, நானாவும் தமிழர். பிறகு மூன்றாம் மாடியிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. "ரெண்டு பேரும் சேர்ந்து ஒழுங்கா ஒரு பொய்கூடச் சொல்லமாட்டீங்க. நீங்க எங்கேருந்து கோ டின்னுக்குத் தண்ணி கடத்துவீங்க?" கோ டின்னுக்கு யாரோ பர்மிய மொழியில் எடுத்துச் சொல்ல, அவரும் சிரித்துவிட்டார். அன்று கட்டடம் பிழைத்தது என் படிப்பால் அல்ல, முட்டாள்தனத்தால்.

அதற்கு மறுநாள் நீங்கள் சொன்ன கதை: அந்த நாட்டில் இரண்டு தளபதிகள் முதல் நாற்காலிக்குச் சண்டை போட்டார்களாம். அந்தம்மா இரண்டு நாற்காலியையும் தூக்கிவிட்டு ஒரு பெஞ்சைப் போட்டாளாம்.

மணி யோசனை உங்களுடையது. ஒரு காலையில் பத்திரிகைக்காரன் கயிற்றை இழுக்க, உங்கள் பால்கனி மணி அடித்தது. நம் தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் தரை வரை கயிறு தொங்குகிறது. நுனியில் கிளிப், மேலே மணி. பத்திரிகையோ பார்சலோ மாட்டிக் கயிற்றை இழுத்தால், வீட்டுக்காரர் மேலே சுருட்டிக்கொள்வார். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றியது. தரைத்தளம் மோட்டாரை நிறுத்தியதும் முதல் மாடிக் கயிற்றை இழுக்கவேண்டும். முதல் மாடி முடித்ததும் இரண்டாம் மாடிக் கயிறு. மணி கேட்டவர் மட்டும் மோட்டார் போடலாம்.

"இது என்ன கற்காலமா?" என்றேன்.

"கயித்துக்குக் கரண்ட் வேணாம்ல?" என்றீர்கள்.

அன்று சாயங்காலம் என் முறை முடிந்ததும் ஐந்தாம் மாடிக் கயிற்றை இழுத்தேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி, அதை இப்போதும் சொல்வேன். உங்களை நீங்களே கடைசியில் வைத்துக்கொண்டீர்கள். நான்கு மணி நேரக் கரண்ட், ஏழு வீட்டுக்கு மூன்றரை மணி. கரண்ட் கொஞ்சம் முன்னால் போனால் கடைசி வீட்டுக்குப் பூஜ்யம். எழுதிக் காட்டினேன். "அவ தன் வீட்டு விருந்துலயே கடைசிப் பந்திலதான் உக்காந்தா" என்று அந்த நாட்டுக்காரியை இழுத்தீர்கள். பத்து நாளில் நான்கு நாள் உங்கள் மணி அடிக்கவேயில்லை. நானா வீட்டில் இரண்டு வாளி பிடித்து, மூன்று மாடி தூக்கிப் போனீர்கள். நான் வாளியை வாங்க வந்தால் கொடுக்கமாட்டீர்கள். "தலைவி வாளியத் தொட்டா நாட்டுக்கே தீட்டு" என்று கிண்டல் வேறு.

கடைசியில் நானாதான் தாங்கமுடியாமல் சொன்னார்: "யம்மா, நீ தூக்குற வாளி எனக்குல்ல கனக்குது. இன்னிக்குக் கடைசி ஆளு நாளைக்கு மொத ஆளு, இப்பிடியே சுத்திவரட்டும்." கோ டின் உடனே சம்மதித்தார். அவர்கள் இருவரும் ஒரே பேச்சில் நின்றதை நான் பார்த்தது அன்றுதான். இதற்காகத்தான் வாளி தூக்கினீர்களா என்று கேட்டேன். "எனக்குத் தண்ணி வேணும், தூக்கினேன்" என்றீர்கள். நம்பவில்லை.

தொண்ணூறாம் நாள் யாருக்கும் தேர்தல் வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் வந்தது, ஃபியூஸ் போகவில்லை. கோ டின்னே, "யாயீயை எடுத்துட்டாத் தமடா. அவ்வளவுதானே?" என்றார். நீங்கள் அறிவிப்பை அடித்து, லேமினேட் செய்து, தொங்கவிட்டே விட்டீர்கள். நான் ஆறாம் மாடி வரை ஏறிவந்து சண்டை போட்டேன். ஓடுகிற மெஷினை யாராவது கழற்றுவார்களா?

முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொன்னீர்கள்: "நான் இல்லாதப்பவும் மணி அடிக்குதான்னு பாக்கணும்ல?"

நானா நாலுக்கு மூன்று ஓட்டில் ஜெயித்தார். கோ டின் ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்திருந்தார். மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது.

போன வருடம், திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தின வாரம், உங்களைக் கடைசி முறையாக ஆறு மாடி இறக்கினோம். நானாவும் கோ டின்னும் முன்பக்கம், நான் பின்பக்கம். திருப்பம் ஒவ்வொன்றிலும் இருவரும் "உன் பக்கம் தூக்கு, உன் பக்கம் தூக்கு" என்று சண்டை. நீங்கள் கேட்டிருந்தால் பெஞ்சுக் கதையை மறுபடி சொல்லியிருப்பீர்கள். திரும்பி வந்தபோது மத்தியானம் ஒரு மணி. கரண்ட் வந்தது. தெருவில் "மீ லாபீ!" சத்தம். நம் கட்டடத்தில் யாருக்கும் மோட்டார் நினைப்பில்லை என்றுதான் நினைத்தேன். கீழே ஒரு மணி அடித்தது. அரை மணி கழித்து இன்னொன்று. என் முறை வந்தது, முடித்தேன். ஐந்தாம் மாடிக் கயிற்றை இழுத்தேன். கடைசியில் உங்கள் வீட்டு மணி அடித்தது. இழுத்தவர் பழக்கத்தில் இழுத்தாரா, தெரிந்தே இழுத்தாரா, கேட்கவில்லை. மேலே ஓடிப்போய் உங்கள் மோட்டாரைப் போட்டேன். வந்திருந்தவர்கள் கால் கழுவத் தண்ணீர் வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

அலோனிலிருந்து உங்கள் தங்கை வந்து வீட்டை ஒழித்தபோது அந்தப் பத்திரிகைத் துண்டை என்னிடம் கொடுத்தார். அப்போதுதான் முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்தேன். மொத்தம் நாலு வரி, அக்கா. ஜனாதிபதி இறந்தார், சபாநாயகராக இருந்த இவர் பொறுப்பேற்றார், தேர்தல் நடத்தினார், விலகினார். நாட்டின் பெயர் இருந்த மேல்வரி கத்தரியில் போயிருந்தது. காயப்போட்ட துணி இல்லை. கட்டுச்சோறு இல்லை. தளபதிகள் இல்லை, பெஞ்சு இல்லை, கடைசிப் பந்தி இல்லை.

முதலில் கோபம் வந்தது. மூன்று மாதம் இல்லாத ஆதாரத்தை வைத்து என்னிடம் வாதாடியிருக்கிறீர்கள். பிறகு உங்கள் காலி வீட்டில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன். தங்கை பயந்துவிட்டார்.

இன்று அறிவிப்பைப் படிக்கட்டில் மாட்டிக்கொண்டிருந்தபோது உங்கள் வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் நர்ஸ் மூச்சு வாங்க ஏறிவந்தாள். இன்று தண்ணீரில் கடைசி முறை அவர்கள் வீட்டுக்கு. நின்று படித்தாள்.

"எல்லாம் ஒழுங்காத்தானே போகுது? நீங்களே இருந்தா என்ன?"

உண்மையைச் சொல்லப்போனால், இருக்கலாம் என்று எனக்கும் ஆசை இருந்தது. போன வாரம்தான் பேட்டரியில் ஓடும் புது டைமர் ஒன்றைப் பார்த்துவைத்திருக்கிறேன். ஆனால் வாய் வேறு எதையோ சொல்லத் தொடங்கிவிட்டது. ஒரு நாட்டில் ஒரு அம்மா இருந்தார், தொண்ணூறு நாள் என்றால் தொண்ணூறு நாள்தான், போகாதே என்று எல்லோரும் கேட்டும் வீட்டுக்குப் போய்க் கீரை உருவினார் என்றேன். பதவியில் இருந்தபோதும் தன் தண்ணீரைத் தானே வாளியில் தூக்கினார், அதுவும் ஆறாம் மாடிக்கு என்றேன்.

"நெஜமாவா? எந்த நாடு அது?"

"சின்ன நாடு" என்றேன். "லிஃப்ட் கிடையாது."