படுகளத்தில் உன் முகம்

20-5-1998

அன்பு மகன் ஜெயபிரகாஷுக்கு அம்மா எழுதுவது. குவைத்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்கத் திரௌபதியம்மன் துணை. நாங்களும் நலம் என்று எழுதத்தான் ஆசை. என் முதுகு வீக்கம் வடிந்துவிட்டது, மனசுதான் ஆறவில்லை. உன் நைனாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, மாமரம் இந்த வருஷம் காய்ப்பு கம்மி. அதெல்லாம் கிடக்கட்டும், உன் சினேகிதன் கோபிகிருஷ்ணனைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், வேறு யாராவது போனில் திரித்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

பாரதத் திருவிழாவுக்குப் படுகளத்தில் பீமன் அடித்து வதம் செய்கிற மண் துரியோதனனை நீங்கள் இருவரும்தானே செய்வீர்கள், உடம்பு அவன் வேலை, முகம் உன் வேலை. நீ விமானம் ஏறிய பிறகும் வருஷா வருஷம் கடிதத்தில் முகத்தை வரைந்து அனுப்புவாய், அவன் அதைப் பார்த்துப் பார்த்துப் பிசைந்து வைப்பான். இந்த வருஷம் உன் கடிதம் வரவில்லை. தினமும் தபால்காரரை வழிமறித்துக் கேட்டான். கடைசி நாள் வரை தலையில்லாத உடம்பாகத்தான் கிடந்தது.

படுகளத்தன்று காலையில் தேங்காய்த் தட்டோடு போனேன். மல்லாந்து கிடந்த அந்த மண்ணுடம்பில் உன் முகம். உன் மூக்கு, உன் புருவத்தில் இருக்கிற தழும்பு, எல்லாம் அப்படியே. ஊர்ப் பெண்கள் துரியோதனனை அடிக்கத் துடைப்பத்தோடு நிற்கிறார்கள், பீமன் வேஷக்காரன் கதையைச் சுழற்றி ஆவேசம் வந்து ஆடுகிறான், அடிபடப் படுத்திருப்பவன் என் பிள்ளை. உயிரோடு இருப்பவன் முகத்தைச் சாகப்போகிறவனுக்கு வைப்பார்களா? எனக்குக் கண் இருட்டிவிட்டது. கோபியை ஓங்கி அறைந்தேன். படம் வர்ல அத்தே, எங் கைக்குத் தெரிஞ்ச மூஞ்சி இது ஒண்ணுதான், அதுவா வந்துக்கினே இருந்திச்சி என்று அழுதான். அதைக் காதில் வாங்குகிற புத்தி எனக்கு அப்போது இல்லை.

நான் அடித்ததும் ஊருக்குத் துணிச்சல் வந்துவிட்டது. சூனியம் வெக்கிறான்டா, கூட்டாளி குவைத்துக்குப் போனது இவனுக்குப் பொறுக்கல என்று ஒருவன் கத்த, பந்தல் மூங்கிலைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தார்கள். வாயெல்லாம் ரத்தம் அவனுக்கு. உன் பெரியப்பா மகன் ஜெயச்சந்திரன் அவனுடைய வலது கையைத் தரையில் வைத்துச் செருப்புக் காலால் மிதித்தான். பம்பை அடிக்கிற சத்தத்திலும் எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. அப்போதுதான் புத்தி தெளிந்து கோபிமேல் விழுந்து மூடிக்கொண்டேன். முதுகில் அடி விழுந்தது. எறும்பைக்கூட மிதிக்காத உன் நைனா கல்லை எடுத்து ஒருவன் மண்டையை உடைத்த பிறகுதான் விலகினார்கள்.

அதோடு நின்றதா, அம்மன் கூந்தல் முடிக்கணும், வதம் நடந்தே ஆகணும் என்றார்கள் கோயில்காரர்கள். ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிப் போய் உன் முகத்தை நானே அழித்தேன். கண், மூக்கு, வாய் எல்லாம் என் கையில் சேறாக வந்தது. பெற்றவள் செய்கிற காரியமா அது? முகமில்லாத துரியோதனனைத்தான் பீமன் தொடையில் அடித்தான். மற்றவர்கள் விளைச்சல் பெருக நெல் குதிரில் போட அந்த உடம்பிலிருந்து பிடிமண் எடுத்துப் போனார்கள், நான் எடுக்கவில்லை.

கோபி திருப்பதி ஆஸ்பத்திரியில் இருக்கிறான். கார்வேட்டிநகரத்தில் பஸ் ஏறி, புத்தூரில் மாறி, சோறு கொண்டுபோய் ஊட்டிவிட்டு வருகிறேன். இரண்டு விரல் இனி மடங்காது என்று டாக்டர் தெலுங்கில் சொன்னார், இவன் தெலுங்கே தெரியாதவன் மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். உன் கடிதம் திருவிழா முடிந்து வந்தது. பிரித்து உன் படத்தைக் காட்டினேன். மீசைய நல்லாத்தான் போட்டுக்கீறான் என்றான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முதல் அடி என்னுடையது என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஜெயச்சந்திரன் பேரையும் சேர்த்துத்தான். ரத்த சொந்தம் ஆச்சே என்று நைனா தயங்கினார். மிதிக்கும்போது அவன் தயங்கவில்லையே, நான் ஏன் தயங்க வேண்டும்?

கோபிக்கு உடனே எழுது. கட்டுப் பிரிக்கும்வரை பதில் வராது, அதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டு நீயும் வாயை மூடிக்கொள்ளாதே. வெயிலில் தலையில் துண்டு இல்லாமல் திரியாதே. அம்மன் அருளால் நூறு வயசு நன்றாக இரு. ஒன்று மட்டும் மறக்காதே, அடுத்த திருவிழாவுக்குப் படம் அனுப்பாதே, வந்தால் அடுப்பில் போடுவேன். அவனுக்கு இனி ஒரு கைதான். நீ வா.

இப்படிக்கு
உன் அம்மா ரத்தினம்மா