மச்சானும் வறுத்த தோட்டாக் கூடும்

மச்சான்,

இன்று காலை ஜனக்புரியில் என் மாவுக்கடை வாசலில் ஒருவன் பித்தளை அண்டாவைக் காய்ச்சி ஈயம் பூசிக்கொண்டிருந்தான். வெந்த பித்தளை வாசனை மூக்கில் ஏறியதும் உன் மூஞ்சி வந்து நின்றது. போன மாதம் உன் கருமாதியில் எல்லோரும் "தங்கமான மனுஷன்" என்றார்கள். நானும் தலையாட்டினேன். வடை நன்றாக இருந்தது.

துப்பாக்கி கிளப்பில் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் நாம். சுட்டுப்போட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டில் மறுபடி வெடிமருந்து நிரப்புவோம். பலமுறை சுட்ட கூட்டின் வாய் இறுகிக் கீறிவிடும். அதனால் தட்டில் தண்ணீர் விட்டு, கூடுகளை இடுப்பளவு நிற்கவைத்து, வாய்க்கு மட்டும் நெருப்புக் காட்டி இளக்குவோம். அடி இளகிவிட்டால் சுடுகிறவர் முகத்திலேயே பீறிடும், கண் போய்விடும். உனக்குத் தெரியாததா?

அந்த ஜனவரியில் தண்ணீரைத் தொட முடியவில்லை. நீ கூடுகளை இரும்புச் சட்டியில் கொட்டி வறுத்தாய்.

"என்ன மச்சான், கடலையா வறுக்க?"

"கை வெறைக்குல்லா. ஜல்தி முடிச்சா சாய் குடிக்கலாம்."

"அடி வெந்தா அது தோட்டா இல்ல மச்சான், நம்மூரு அல்வா."

சிரித்துக்கொண்டே அவற்றை மெருகேற்றி, நான் இளக்கியவற்றோடு கலந்துவிட்டாய். எது என்னுடையது, எது உன்னுடையது என்று இனி கடவுளுக்கும் தெரியாது. மறுநாள் நம் காலனிப் பெண் சுதாவுக்கு இந்தத் தோட்டாக்களோடுதான் போட்டி. நான் சுத்தியலை எடுத்து எல்லாவற்றையும் நசுக்கினேன்.

செயலாளர் கத்தினார். நடந்ததைச் சொன்னேன். என் இந்தி கத்தரிக்காய் வாங்கத்தான் போதும். அவர் உன்னைப் பார்த்தார். "பாகல் ஹை, சாப், இவன் பைத்தியம். தண்ணீரில்தான் வைத்தோம்" என்று இந்தியில் அழகாகச் சொன்னாய். என் வேலை போயிற்று. அன்று சாயங்காலமே என் வீட்டுக்கு வந்து, என் மனைவியிடம் "தங்கச்சி, ரசம் இருக்கா?" என்றாயே, அந்தத் தைரியத்துக்கு ஒரு மெடல் குத்தியிருக்கலாம்.

செத்துவிட்டாய் என்பதற்காக மன்னிக்க மாட்டேன். அது நீ கஷ்டப்பட்டுச் செய்த வேலையா என்ன?

கடையில் வாங்கிய தோட்டா சுதாவுக்குச் சரிப்படவில்லை, தோற்றுப்போனாள். அவளும் உன் பேச்சைத்தான் நம்பினாள். இப்போதும் மாவு வாங்க வரும்போதெல்லாம், "அன்னிக்கு நீங்க மட்டும் நசுக்காம இருந்திருந்தா, அங்கிள்..." என்று முறைக்கிறாள்.

இரண்டு கண்ணாலும் முறைக்கிறாள், மச்சான். நான் ஒரு கரண்டி மாவு கூடப் போட்டு அனுப்புகிறேன்.