நீ போட மறுத்த எழுத்து

இன்று காலை யாரோ ஒரு பெற்றோர் ஆசிரியர் அறையில் பலாப்பழம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அறை முழுக்க அந்த வாசனை. நாம் ரேங்க் கார்டு எழுத உட்காரும் நாட்களில்தான் இந்த மலையில் பலா பழுக்கிறது. நீ இருந்தால் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு முதலில் சுளை எடுக்க உட்கார்ந்திருப்பாய். கார்டெல்லாம் அப்புறம்தான்.

நாம் சண்டை போட்டதும் இந்த மேசையில்தான். பேளுக்குறிச்சியில் ஒரே பஸ் ஏறி மலைக்கு வந்த இரண்டு டீச்சர்கள். நான் தமிழ், நீ கணக்கு. ஆறாம் வகுப்பிலிருந்தே ஏ, பி, சி, டி என்று கிரேடு போட்டுப் பழக்க வேண்டும் என்பது என் கட்சி. எட்டு முடித்து மலைக்குக் கீழே படிக்கப் போகிற பிள்ளைகள் அங்கே மார்க்கைப் பார்த்து மிரளக் கூடாது என்றேன். நீ ஒத்துக்கொள்ளவே இல்லை.

"டி போட்டா அது தன்னையே டின்னு நெனச்சுக்கும், புள்ள."

அவரவர் பாடத்துக்கு அவரவர் விருப்பம் என்று தலைமையாசிரியர் விட்டுவிட்டார். நான் எழுத்துப் போட்டேன். நீ 'நல்ல முயற்சி', 'இன்னும் நன்றாக வரும்' என்று எழுதினாய். எடப்புளி நாடு என்ற மலையூரிலிருந்து வந்த செல்வியின் கார்டிலும் அப்படித்தான். அந்தக் கார்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எட்டாம் வகுப்பைத் தாண்டினாள். ஒன்பதாம் வகுப்புக்குக் கீழே விடுதியில் சேர்ந்தாள்.

அரைப் பரீட்சை முடிந்ததும் அப்பாவோடு திரும்பி வந்து நம் வகுப்பு வாசலில் நின்றாள்.

"கணக்குல பெயிலுங்க. இனி போகலைங்கறா," என்றார் அவர்.

செல்வி உன்னை மட்டும் பார்த்தாள். "எனக்கு வரலைன்னு நீங்க ஒரு தடவகூட சொல்லலையே டீச்சர். அங்க எல்லாத்து முன்னாடியும் சொன்னாங்க."

சண்டையில் ஜெயித்தது நான்தான். ஆனால் அன்று பஸ்ஸில் உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. மலை இறங்கும் வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாய். பிறகு மெல்லச் சொன்னாய்: "அவ அழக் கூடாதுன்னு நெனச்சேன். அவளுக்காகவா, எனக்காகவான்னு இப்பத் தெரியல."

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளிலும் மலையேறினாய். செல்வியின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தாய். ஒரு முறை நானும் வந்தேன். "உனக்குப் பின்னம் வரல கண்ணு. வகுத்தல் நல்லா வருது," என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னாய். அவள் அழுதாள். நீ அங்கேயே இருந்தாய். அழுது முடித்ததும் பென்சிலை எடுத்துக் கொடுத்தாய்.

ஜூனில் பள்ளி திறந்தபோது அவள் திரும்பப் போனாள். அந்த மழைக்காலத்தில்தான் உன் வயிற்றில் கட்டி என்றார்கள். சேலத்து ஆஸ்பத்திரியில் உன் குரல் பாதியாகிவிட்டிருந்தது. அப்போதும் கேட்டது ஒன்றுதான்: "செல்வி போறாளா?"

போனாள். பத்தாம் வகுப்பில் கணக்கில் தட்டுத்தடுமாறி பாஸானாள். அதைச் சொல்ல மலையேறி வந்தவள் நீ இல்லாத நாற்காலியைத் தொட்டுக்கொண்டு நின்றாள். நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இப்போது இங்கே எல்லாப் பாடத்துக்கும் எழுத்துதான். நானும் போடுகிறேன். ஆனால் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, எது வருகிறது, எது வரவில்லை என்று பேசாமல் கார்டைக் கொடுப்பதில்லை. நேற்று ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி டியைப் பார்த்து விசும்பினாள். அந்த எழுத்தை அடித்துவிட்டு 'நல்ல முயற்சி' என்று எழுதிவிடலாமா என்று பேனாவை எடுத்தேன்.

எழுதவில்லை. செய்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை. எதிரில் உட்கார்ந்து மறுத்துப் பேச நீ இல்லை. அதனால் இப்போதெல்லாம் உன் கட்சியையும் நானே பேச வேண்டியிருக்கிறது.