வளைவில் நிறுத்திய பலகை

செம்பூர், பம்பாய்
12.8.1964

அன்புள்ள ஆபிதாவுக்கு, ஸலாம். நீயும் உம்மாவும் பிள்ளைகளும் சுகம்தானே?

குழாய்க்காகத் தோண்டிய சாலையில் எச்சரிக்கைப் பலகைகளை எங்கெங்கே நிறுத்துவது என்று பார்ப்பதுதான் இப்போது என் வேலை. முந்தாநாள் வளைவில் பலகையை நிறுத்தி, ஒரு லாரி டிரைவரைச் சுற்றிப் போகச் சொன்னேன். அவன் பலகையைப் பிடுங்கி என் முகத்தில் அடித்துவிட்டு, வண்டியை நேராக விட்டான். லாரி பள்ளத்தில் கவிழ்ந்தது. பள்ளம் தோண்டுகிற நம்ம ஊர் ஆட்கள் கடப்பாரையோடு அவன்மேல் பாய்ந்தார்கள்.

“விடுங்கடே, செத்துருவான்” என்று நான் குறுக்கே விழுந்தேன். எனக்கும் இரண்டு அடி. அவன் பிழைத்து, பக்கத்துக் கட்டிலில் முனகுகிறான்.

உம்மாவிடம் சொல்லாதே. பதிலைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுது. இனி ஒற்றைக் கண்ணால்தான் வாசிக்க வேண்டும். நர்ஸ் வருகிறாள், நிறுத்துகிறேன்.

உன்
நாகூர் கனி