பெட்ரோல் ஹோஸில் சந்தனம்

ஐப்பசி, வியாழக்கிழமை

அண்ணனும் நானும் செவிலிமேட்டு ஷெட்டில் மூன்று வருடமாகக் கட்டிய சின்ன விமானம் நாளைக் காலை முதல்முறையாக மேலே போகவேண்டும். ஓட்டப்போவது அண்ணன்.

அதில் மாட்டிய பெட்ரோல் ஹோஸின் மிச்சத் துண்டு ஒன்றை ஒரு மாதமாகப் பெட்ரோலில் ஊறப்போட்டிருந்தேன். இன்று மதியம் அறுத்துப் பார்த்தேன். வெளியே ஒன்றுமில்லை. உள்ளே ரப்பர் உப்பி, பாலாடை மாதிரி உரிந்து வந்தது. ஒரு துணுக்கு கார்புரேட்டரை அடைத்தால் போதும், இன்ஜின் நின்றுவிடும்.

அண்ணனிடம் காட்டினேன். "நாலு வருஷமா என் பைக்ல இதான் ஓடிக்கினு இருக்குது. இன்னா ஆச்சு?" என்றார்.

"பைக் நின்னா காலை ஊனிக்கலாம்ணா. மேல போய் நின்னா?"

"ஆயுத பூஜைக்குச் சந்தனம் வச்ச சாமானைக் கழட்டச் சொல்றியா? போடா."

சாயங்காலம் அவர் கோயிலுக்குப் போன நேரத்தில், டேங்க் வால்வை மூடிவிட்டு விமானத்தில் இருந்த ஹோஸைக் கத்தியால் அறுத்துப்போட்டேன். எப்படிப் பறக்கிறார் பார்க்கலாம் என்ற கோபம்.

அறுத்த பிறகுதான் கையைப் பார்த்தேன். விரலில் சந்தனம் ஈரமாக ஒட்டியிருந்தது. ஆயுத பூஜை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. ஹோஸைப் பிளந்தேன். உள்ளே வழுவழுவென்று, புது ரப்பர் வாசனை.

கோயிலுக்குப் போகும் முன்பே அண்ணன் ஹோஸை மாற்றிவிட்டு, எனக்குத் தெரியாமலிருக்கப் பழையபடி பொட்டும் வைத்திருக்கிறார்.

காலை ஐந்து மணிக்கு ஷெட்டைத் திறப்பார். அறுத்ததைச் சொல்லிவிட மூன்று தடவை போனை எடுத்துக் கீழே வைத்துவிட்டேன். இனி நான் மாட்டிய எந்த போல்ட்டை நம்பி அந்த சீட்டில் உட்காருவார்?