நேர்ந்துவைத்த கம்பு

ஆறுமுகநேரி
18.12.1975

ஆயுளும் பேரும் பெருகி இருக்கவேண்டிய பேரன் சங்கரபாண்டியனுக்கு ஆச்சி சண்முகவடிவு எழுதுவது.

உன் தம்பி பால்துரைக்குத் தூத்துக்குடி புதுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை நிரந்தரமாகிவிட்டது. தங்கை அருணாசலவடிவு நாசரேத் டீச்சர் டிரெயினிங்கில் முதலாவதாக வந்திருக்கிறாள். நீயோ மெட்ராஸ் ஐகோர்ட்டில் கறுப்புக் கோட்டு. கோயிலுக்குப் போனால் 'வக்கீல் ஆச்சி' என்கிறார்கள். கேட்காததுபோல நடப்பேன், மெதுவாகத்தான் நடப்பேன்.

இங்கே மயிலோடு மல்லுக்கட்டு. என் அய்யா கல்யாணச் சீராக, மஞ்சக்காணியாகத் தந்த மூன்று ஏக்கரில் கடலை விதைத்தேன். முளை தலைகாட்டுமுன் கிண்டித் தின்றுவிட்டன. மறுபடி விதைத்தேன், மறுபடி தின்றன. தோட்டக் காவல்காரன் தளவாய் தகரம் தட்டித் தட்டிக் காதடைத்துப் போனான். வனத்துறை ஆபீசில் கேட்டால், "கல்லுகூட எறியக் கூடாது ஆச்சி, சட்டம் வந்திருக்கு" என்கிறான் ஃபாரஸ்ட் கார்டு. "அப்ப என் கடலைக்கு என்னலே சட்டம்?" என்றேன். "மனு எழுதிக் குடுங்க" என்றான். மனு கொடுத்தேன். அதில் இந்நேரம் வடை மடித்திருப்பார்கள்.

பொங்கலுக்கு வா. அதற்கு முன் கோட்டோடு ஒரு போட்டோ அனுப்பு. சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்துவிட்டேன்.

உன் ஆச்சி

சென்னை
29.12.1975

அன்புள்ள ஆச்சிக்கு,

போட்டோ இத்துடன். சட்டம் அப்படித்தான்; சொந்த நிலமானாலும் மயிலைத் தொட்டால் ஜெயில். மனு எழுதி அலைய வேண்டாம். பொங்கலுக்கு வருகிறேன். உங்கள் காணியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பேரன் சங்கரபாண்டியன்

ஆறுமுகநேரி
22.1.1976

என் ராசா சங்கரபாண்டியனுக்கு,

நீ ரயிலேறிய மறுநாள் தோட்டத்தில் பதினோரு மயில் செத்துக் கிடந்தது. ஃபாலிடால் பூச்சிமருந்து கலந்த கம்பு தானியமாம். வாயெல்லாம் நுரை. ஒரு பேடு இரண்டு நாள் கழுத்தை ஆட்டிக்கொண்டே கிடந்து செத்தது. அதைக் கடித்த நாயும் செத்தது. கிணற்றில் ஒன்று விழுந்து ஊறிவிட்டது. தண்ணீரை இறைத்துக் கொட்டச் சொல்லியிருக்கிறேன்.

கார்டு வந்து தளவாயைக் கொண்டுபோய்விட்டான். தளவாய் பெண்சாதி சுடலைமாடத்தி நம் வாசலில் உட்கார்ந்து, "அவரு மயிலுக்குப் பேரு வச்சுக் கூப்பிடுதவரு ஆச்சி" என்று அழுகிறாள். "அழாதளா, என் வக்கீல் பேரன் வாரான்" என்று சொல்லியிருக்கிறேன். உடனே வா.

வருஷாவருஷம் திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்து ஓலைப்பெட்டியில் போட்டுவைக்கும், அறுப்பின் முதல் படி கம்பையும் காணோம். எலிதான் போலிருக்கிறது.

உன் ஆச்சி

சென்னை
28.1.1976

ஆச்சிக்கு,

படித்ததும் இதைக் கிழித்துவிடுங்கள். பெட்டியில் இருந்த கம்பை எடுத்து விஷம் கலந்து போட்டது நான்தான். உங்களுக்காகத்தான் செய்தேன். என் பெயர் வெளியே வந்தால் கோட்டைக் கழற்ற வேண்டியதுதான். தளவாயை ஒத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அபராதத்தோடு விட்டுவிடுவார்கள். அவன்தான் மருந்து வாங்கினான் என்று நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அவனுக்குப் போவதற்கு என்ன இருக்கிறது?

சங்கரபாண்டியன்

ஆறுமுகநேரி
4.2.1976

சங்கரபாண்டியனுக்கு,

கிழிக்கவில்லை. உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு சுடலைமாடத்தியோடு போய் வனத்துறை ரேஞ்சர் மேஜையில் வைத்தேன். கையெழுத்துக் கேட்டாயே, போட்டேன். 'இது என் பேரன் எழுதியது' என்று எழுதி, அதன் கீழே.

தளவாயை விட்டுவிட்டார்கள். "நம்ம புள்ள படிச்சவரு ஆச்சி, நானே உள்ள இருந்திட்டுப் போறேன்" என்றான். வாயை மூடச் சொல்லி, அவனைச் சுடலைமாடத்தி கையில் பிடித்துக் கொடுத்தேன்.

மயில் மேல் உள்ள கோபம் எனக்குப் போகவில்லை. காணி என்னுடையது. மூன்றாம் தடவை விதைத்திருக்கிறேன், ரேஞ்சர் கையிலேயே இன்னொரு மனுவும் கொடுத்தேன். ஆனால் முருகன் பெட்டிக்குள் கைவிட்டு, அவன் கம்பைப் போட்டே அவன் வாகனத்தைக் கொன்றாய். எனக்காக என்று வேறு எழுதுகிறாய். நான் எப்போது கேட்டேன்?

கோட்டுப் போட்டோவைக் கழற்றிவிட்டேன், ஆணி சும்மா இருக்கிறது. புதுப் போட்டோ ஒன்று அனுப்பு. கோட்டு வேண்டாம். ரேஞ்சரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டு, தளவாய் பக்கத்தில் நின்று எடுத்ததாக இருக்கட்டும். வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், தபாலில் போடு.

அவன் உன் பக்கத்தில் நிற்கச் சம்மதித்தால்.

சண்முகவடிவு