உங்களுக்கு வராத ஜுரம்

அப்பா,

எதிர் ஃபிளாட்டில் தேன்குழல் பிழிகிறார்கள். எண்ணெய் காயும் வாசனை நம் கூடம் வரை வந்துவிட்டது. நீங்கள் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. நமக்குத் தீபாவளி கிடையாது.

மாமனாரை அப்பா என்று கூப்பிடுவது செம்பூரில் நம் கட்டடத்தில் புதிதில்லை. எனக்கு அந்தச் சொல் நிஜமானது என் அம்மா இறந்த வருஷம்தான்.

அம்மா ஆவணியில் போனாள். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு வருஷம் முழுக்கத் துக்கம் இல்லையாம். ஐப்பசியில் புதுப்புடவை கட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் பட்சணம் கொடுத்துச் சிரிக்க வேண்டும். அதற்குள் நான் தூக்கத்தைத் தொலைத்திருந்தேன். குளிப்பதே மலைப்பாக இருந்தது. ஆபீஸுக்குக் கிளம்பி, ரயிலில் ஏறாமல் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்திருந்த நாட்களும் உண்டு. உங்கள் பிள்ளையிடம் அலுப்பு என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

பண்டிகைக்கு முதல் நாள், மாவு பிசைந்த கையோடு அடுப்பு முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். நீங்கள் வந்து கேஸை அணைத்தீர்கள்.

"நாளைக்கு எனக்கு ஜுரம்" என்றீர்கள். "யாரும் வரவேண்டாம்னு சொல்லிட்டேன். நீ போய்ப் படுத்துக்கோம்மா."

மறுநாள் நிஜமாகவே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தீர்கள். மாட்டுங்காவிலிருந்து உங்கள் அக்கா மட்டும் மனசு கேட்காமல் வந்துவிட்டார். அவருக்காக இரண்டு முறை இருமவும் செய்தீர்கள். உள்ளறையில் இருந்த எனக்கு எப்போதோ நின்றுபோன சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும்.

அவர் போனதும் சொன்னீர்கள்: "ரிட்டயர் ஆனப்போ எனக்கும் இப்படித்தான் இருந்தது. வாயைத் திறக்கலை. ரெண்டு வருஷம் வீணாப் போச்சு. நீ என்னோட டாக்டர்கிட்ட வா."

அந்த வாரமே அழைத்துப் போனீர்கள். மாத்திரையும் பேச்சுமாகத் தேறி வர அடுத்த கோடை ஆனது. சரியாகிவிட்டதா என்று ஒரு நாளும் நீங்கள் கேட்டதில்லை. சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்பீர்கள். காய்கறி விலையைப் பேசிக்கொண்டே வீட்டுக்கு நடப்போம்.

இப்போது மறுபடியும் நெஞ்சு கனக்கிறது. ஊரெல்லாம் விளக்கு வைக்கும்போது அது கூடுகிறது. இன்று காலை நெருளிலிருந்து உங்கள் பெண் போன் செய்து, எப்படி இருக்கிறீர்கள் மன்னி என்று கேட்டாள். வழக்கமான பதிலைத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"நன்னா இல்லைடி. கொஞ்சம் வந்துட்டுப் போறியா?"

வண்டியில் ஏறிவிட்டாளாம். எனக்கு இப்போது உதவி கேட்க வருகிறது, அப்பா.